புதுப்பிப்பு: இரண்டு கீலில் ஒன்றில் மட்டும் எதிர்விசை வந்த சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் பார்க்கும் நான், மல்டிபாடி (மூட்டுகளில் இணைந்த பொருள்கள் நகர்வதைக் கணக்கிடும் முறை) பழக, பக்கத்திலிருக்கும் பாம்பனை மனதில் வைத்துத் தூக்குப் பாலத்தின் ஒரு கையை மாடல் போட்டேன். (1914-இல் திறந்த பழைய பாலத்தின் கை உருண்டு எழுந்தது, என்னுடையது வெறும் கீலில் சுழல்வது.) இரு பக்கமும் ஒரே அமைப்பு. ஆனால் எடை முழுக்க இடது கீலில், வலதில் பூஜ்யம்.

"மூட்டுகள் பூட்டுவதை எண்ணிப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. வளையாத திடப்பொருளுக்கு 6 டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (அசையும் வழிகள்: 3 நகர்வு, 3 சுழற்சி). ஒவ்வொரு கீலும் 5-ஐப் பூட்டும். 6−5−5 = −4. உண்மையில் ஒரு சுழற்சி மிச்சம் இருக்கிறது, ஆக 5 கட்டுகள் உபரி. சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) அவற்றைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டிருக்கிறது, அதனால்தான் வலதில் பூஜ்யம். ஒரு பக்கம் பந்து மூட்டு (3), மறுபக்கம் அச்சுக்கோட்டில் நகரும் புள்ளி (2) என்று மாற்றினேன். எடை பாதி பாதியாக வந்தது. எஃப்.இ.ஏ.யில் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) எல்லாமே கொஞ்சம் வளையும், அதனால் இந்தத் தொல்லை அங்கே தலைகாட்டுவதில்லை.

எதிர்பாராதது ஒன்று: இரு கீல் முனைகளையும் இணைப்புப் புள்ளிகளாக வைத்து, கிரெய்க்-பாம்ப்டன் முறையில் (பொருளின் நெகிழ்வைச் சில வடிவங்களாகச் சுருக்குவது) கையை நெகிழும் பொருளாக்கியதும், பழைய இரண்டு கீல்களோடே விடை சரியாக வந்தது. ஆனால் டைம் ஸ்டெப் (கணக்கு முன்னேறும் நேர இடைவெளி) சுருங்கி ரன் நத்தையாகிவிட்டது. உயர் அதிர்வெண் மோடுகளுக்கு (அதிர்வு வடிவங்களுக்கு) மட்டும் டேம்பிங்கை, அதாவது அதிர்வுத் தணிப்பை, கூட்டினேன், அப்புறம் ஓடியது.