மேல்மலையில் நாயோடு நடப்பது: கயிறு கட்டியா, அவிழ்த்து விட்டா?

செங்காங் மலர்:
டிசம்பர் விடுமுறைக்குக் கொடைக்கானல் மேல்மலைக்குப் போகிறோம். பூம்பாறையில் நாத்தனார் வீடு. அவர்களிடம் மணி என்று ஒரு கோம்பைக் கலப்பு நாய் இருக்கிறது, மூன்று வயது. எங்கள் வீட்டு நாயையும் கூட்டிப் போகலாம் என்று பையன் ஒரே அடம் பிடித்தான். சிங்கப்பூரில் 1953லிருந்து வெறிநோய் இல்லை, அதனால் இந்தியாவுக்குப் போன நாயைத் திரும்பக் கொண்டுவரத் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் என்று எத்தனையோ இருக்கிறது. பத்து நாள் பயணத்துக்கு அதைப் படுத்த மனம் வரவில்லை. அப்புறம் மணியோடு நடக்கலாம் என்று சமாதானம் ஆனான். காலையில் கிளம்பி, புல்வெளி, பைன் மரக்காடு என்று சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவதுதான் திட்டம். இங்கே பழைய ரயில் பாதையில் எங்கள் நாயைக் கயிற்றோடுதான் நடத்துவோம். அங்கே நாத்தனார் கணவர், "மலை நாய்க்கு எதுக்கும்மா கயிறு" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழனிமலைக்காரன்:
அக்கா, உங்கள் வீட்டு அண்ணன் சொல்வதுதான் சரி. நான் அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மேல்மலையில் நாயைக் கட்டிக் கூட்டிப் போகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. பூண்டு வயலுக்கும் உருளைக்கிழங்கு வயலுக்கும் ராத்திரி காவல் கிடப்பது நாய்தான், காட்டுப்பன்றி வந்தால் முதலில் எழுவதும் அதுதான். ஒரு தடவை அப்பாவோடு விறகுக்குப் போனபோது முன்னால் போன எங்கள் நாய் வளைவில் அப்படியே நின்றுவிட்டது. குரைக்கவில்லை. முதுகு மயிர் கழுத்திலிருந்து வால் வரைக்கும் சிலிர்த்து நின்றது, தொண்டைக்குள் மட்டும் ஒரு உறுமல். அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் மாட்டுத் தொழுவ வாடை வந்தது, அப்புறம்தான் பார்த்தேன், பத்தடி தூரத்தில் புதருக்குள் காட்டெருமை, முழங்காலுக்குக் கீழே வெள்ளை உறை போட்டது போல நாலு கால். நாய் இல்லாவிட்டால் நாங்கள் அதன் மேலேயே போய் முட்டியிருப்போம். கயிற்றில் இழுபடும் நாய்க்கு மோப்பத்தில் கவனம் இருக்காது, உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டு வரும்.

புக்கிட் தீமா நடையர்:
தம்பி சொன்ன நாய் பழகிய நாய், அது நின்றது. எல்லா நாயும் நிற்காது. பாதி நாய்கள் துரத்திக்கொண்டு ஓடும், அந்த மிருகம் திரும்பித் துரத்தினால் நேராக எசமானிடம்தான் ஓடிவரும், அதன் பின்னாலேயே காட்டெருமையும் வரும். பன்னிரண்டு வயதுப் பையன் எங்கே ஓடுவான்? சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை என்பது மலையில் இருப்பவர்களுக்கே தெரியும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. ஊர் எல்லை தாண்டினால் அது யாருடைய இடம் என்று பார்க்க வேண்டும். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் சிங்கப்பூரைவிடக் கொஞ்சம்தான் சிறியது. நாயிடமிருந்து காட்டுக்குப் போகிற நோய்களில் டிஸ்டெம்பர் மோசமானது. 1994இல் ஆப்பிரிக்காவில் செரெங்கெட்டியில் சுமார் 1,000 சிங்கங்கள் அதில் செத்தன, மூன்றில் ஒரு பங்கு. 2018இல் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோதும் இதே கிருமியைக் கண்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் செந்நாய் நாய்க் குடும்பமே, அதற்கும் இது ஒட்டும். நாய் அங்கே மூத்திரம் பெய்கிறது, மோந்து பார்க்கிறது, தண்ணீர் குடிக்கிறது, நாம் ரசித்துப் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கயிறு கட்டினாலும் காட்டுக்குள் நாய் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பழனிமலைக்காரன்:
அண்ணே, சிங்கம் செத்த கணக்கை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர் நாய்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டோரத்திலேயே கிடக்கின்றன. அக்காவின் பையன் இரண்டு மணி நேரம் கூட்டிப் போவதால் புதிதாக ஒன்றும் வந்துவிடாது. ஊர்க்காரன் ஆடு மாடு மேய்க்க, விறகு பொறுக்கப் போன வழி அது. கோடை விடுமுறையில் கார் கார் ஆக வந்து பாட்டில் போட்டுவிட்டுப் போகிறவர்களைத் தடுக்க ஆளில்லை, ஊர் நாய்க்கு மட்டும் சட்டமா? இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, வலிக்கிறது, அதனால் சொல்கிறேன்.

கயிறு பற்றியும் ஒன்று. சரிவில் ஈர மண்ணில் நாய் திடீரென்று இழுத்தால் ஆள் உருண்டுவிடுவான். என் சித்தப்பா மகன் அப்படி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான், கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தான்.

பொங்கோல் வாணி:
நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்கிறேன், பிறந்த ஊர் ஏற்காடு. யார் பக்கமும் பேச வரவில்லை, டிசம்பரில் அங்கே என்ன நடக்கும் என்று யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். வடகிழக்குப் பருவமழை முடிகிற நேரம், தரை ஈரம், அட்டை இருக்கும். மனிதனுக்குக் காலில் ஏறுவது நாய்க்கு மூக்கில் ஏறும், ஓடையில் வாய் வைத்துக் குடிக்கும்போது. எங்கள் வீட்டு நாய்க்கு அப்படி ஆனது. நாலு நாளாகத் தும்மிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு தும்மலுக்கும் முன்னங்காலில் பொட்டுப் பொட்டாக ரத்தம், நாங்கள் சளி என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டோம். கடைசியில் வைத்தியர் அரை நாள் தண்ணீர் காட்டாமல் வைத்துவிட்டு, அப்புறம் ஒரு கிண்ணம் தண்ணீரை மூக்கடியில் பிடித்தார். அட்டை ஈரத்தைத் தேடி மெல்ல வெளியே நீண்டது, இடுக்கியால் பிடித்து நிதானமாக இழுத்தார். விரல் நீளம். அதனால் வீட்டுத் தண்ணீரையே எடுத்துப் போங்கள், கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள்.

வந்ததும் காது மடிப்பு, கக்கம், விரலிடுக்கு மூன்றையும் விரலால் தடவி உண்ணி பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் சாப்பாட்டை நிறுத்திவிடும், ஈறு வெளுத்துவிடும். பைன் சருகின் மேல் மனிதர்களுக்கே வழுக்கும், பாறையில் பாதம் கிழியும். கிளம்பும் முன் மணிக்கு வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகள் போட்டிருக்கிறார்களா என்று அண்ணனிடம் கேளுங்கள் மலர் அக்கா. நடையர் அண்ணன் கவலையில் பாதி அந்த ஊசியிலேயே குறையும், முழுவதும் அல்ல.

கயிறு விஷயத்தில் நான் கட்டச் சொல்கிற கட்சி. ஆனால் கழுத்துப் பட்டையில் அல்ல, மார்பில் மாட்டும் பட்டையில், கையில் சுற்றாமல்.

புக்கிட் தீமா நடையர்:
தம்பி, ஊர்க்காரர்கள் உரிமையை நான் குறைத்துப் பேசவில்லை, அப்படிப் பட்டிருந்தால் மன்னிக்கவும். அக்கா ஊர்க்காரர் இல்லை, விருந்தாளி, அதைத்தான் சொன்னேன். 2018இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடப்பது விளையாட்டல்ல. 2024 அக்டோபரில் அரசே ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்தது, உள்ளூர் வழிகாட்டியோடு. பையனுக்குக் காடு பார்க்க வேண்டுமென்றால் அதில் ஒரு நாள் நாய் இல்லாமல் போங்கள். மணியோடு ஊர்ப் பாதையில், வயல் ஓரத்தில், குழந்தை வேலப்பர் கோயில் வரை நடங்கள். நம் புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டர்தான், அங்கே நீங்கள் நிற்கிற வீட்டு வாசலே கிட்டத்தட்ட 1,900 மீட்டர். முதல் நாள் மூச்சு வாங்கும்.

செங்காங் மலர்:
எல்லோருக்கும் நன்றி, நேற்று ராத்திரி நாத்தனாரோடு பேசினேன். மணிக்கு வெறிநோய் ஊசி மட்டும் போட்டிருக்கிறார்கள், மற்றது போடவில்லை. நாங்கள் போய்ச் சேரும் முன்பே கொடைக்கானலுக்குக் கூட்டிப் போய்ப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். காட்டுக்குள் மணியைக் கூட்டிப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம், பையனுக்குக் கொஞ்சம் வருத்தம். மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குப் போகிற அன்றும் மணி வீட்டில்தான், ஆடுகள் மிரளும். வயல் பாதையில் மார்புப் பட்டை, கயிறு. பட்டை இங்கேயே வாங்கி வருகிறேன் என்றேன், அண்ணன் துணி தைக்கிற டேப்பை வைத்து அளந்தாராம், மார்புச் சுற்றளவு 62 சென்டிமீட்டர்.

பழனிமலைக்காரன்:
ஊர்ப் பாதையில் கயிறு தேவையில்லை என்ற என் பேச்சு மாறவில்லை அக்கா. வாங்குவதென்றால் ஆரஞ்சு நிறத்தில் வாங்குங்கள், மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கினால் பத்தடியில் நாய் தெரியாது.