மறு: பைலட் லாட்டுக்குத் தமிழ்: ‘வெள்ளோட்ட உற்பத்தி’?

அன்புள்ள நண்பர்களுக்கு,

தொழிற்சாலையில் ‘பைலட் லாட்’ என்கிறார்களே, அதற்கு நாம் தேடும் தமிழ்ச் சொல்லைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> முன்மாதிரி என்ற சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

மின்சார இருசக்கர வண்டி செய்கிறவர்களிடம் ‘முன்மாதிரி’ என்றால், எதைச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். குழாய்ச் சட்டத்தில் மோட்டாரையும் பேட்டரியையும் மாட்டிப் பட்டறை வாசலில் ஓட்டிப் பார்ப்பது ஒரு முன்மாதிரி. மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நிற்பது இன்னொன்று. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதியில் வரும் ‘புரோட்டோடைப்’ மூன்றாவது: வகை ஒப்புதலுக்காக (அந்த மாடலை விற்கலாம் என்ற அனுமதி) புனேயின் ஏஆர்ஏஐ, ஒரகடத்தின் ஜிஏஆர்சி போன்ற சோதனை நிலையங்களுக்கு நிறுவனம் கொடுக்கும் வண்டி. இவை எதிலும் சேராத நான்காவது கட்டத்துக்குத்தான் நமக்குச் சொல் இல்லை. விற்கப்போகும் வண்டிக்கான அதே அச்சுகள், அதே லைன் (வண்டியைப் படிப்படியாகக் கோக்கும் வரிசை), அதே ஆட்களை வைத்து முதலில் கொஞ்சம் வண்டிகளைக் கட்டிப் பார்ப்பது. ஷாப் ஃப்ளோரில் இதைப் பைலட் லாட் என்கிறார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. ஏதர் நிறுவனம் தன் எஸ்340 மின் ஸ்கூட்டரை 2016 பிப்ரவரியில் பெங்களூரில் காட்டியது. அந்த வழியில் வந்த வண்டிகள் 2018இல்தான் விற்பனைக்கு வந்தன. அல்ட்ராவயலெட்டின் எஃப்77 மோட்டார்சைக்கிளை 2019 நவம்பரில் பார்த்தோம். சந்தைக்கு வந்தது 2022 நவம்பரில் (நடுவில் கொரோனாவும் வந்தது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்). மேடையில் நின்ற வண்டிகள் ஓடாத வண்டிகள் அல்ல. ஒன்றைச் செய்துவிட்டவர்களுக்கு அதையே ஆயிரமாகச் செய்யத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு காலம்.

மோட்டார் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டிக்கு அலுமினியக் கட்டியைக் கணினி இயக்கும் சிஎன்சி எந்திரத்தில் கடைந்து எடுத்துவிடலாம். விலை அதிகம், நேரம் அதிகம், ஆனால் அளவு கச்சிதமாக வரும். ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் டை காஸ்டிங்குக்கு, அதாவது உருக்கிய உலோகத்தை ‘டை’ என்னும் உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் முறைக்குப் போக வேண்டும். உருகிய அலுமினியம் ஆறும்போது சுருங்கும். உள்ளே காற்று சிக்கினால் நுண்துளை விழும். பேரிங் உட்காரும் இடத்தைக் கடையும்போது அந்தத் துளை வெளியே வந்து பல்லிளிக்கும். கசிவுச் சோதனையில் உறை தோற்கும். டையைத் திருத்தி மறுபடி ஊற்றினால் வாரங்கள் போய்விடும். வடிவமைப்பாளரின் வரைபடத்தில் ஒரு கோடுகூடத் தப்பில்லாமலே இத்தனையும் நடக்கும்.

பேட்டரிக் கதையும் இதுதான். 21 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. உயரமும் உள்ள செல்களை ஒரு தேர்ந்த கை பொறுமையாக வெல்டு வைத்து ஒரு பேக் கட்டிவிடும். லைனில் எல்லா வெல்டும் ஒரே தரத்தில் விழ வேண்டும்; ஒன்று பலவீனமாக இருந்தாலும் அங்கே மின்தடை கூடி, சூடு ஏறும். ஹார்லி டேவிட்சன் ‘லைவ்வயர்’ முன்மாதிரியை 2014இல் ஊர் ஊராகக் கொண்டுபோய் மக்களை ஓட்ட விட்டது. 2019இல் விற்பனைக்கு வந்த பிறகு, இறுதித் தரச் சோதனையில் சார்ஜிங் தொடர்பான ஒரு சிக்கல் தெரிந்து, அக்டோபரில் உற்பத்தியைச் சில நாள் நிறுத்தினார்கள். அத்தனை பேர் ஓட்டிப் பார்த்தும் முன்மாதிரி அதைச் சொல்லவில்லை.

ஆக, பைலட் லாட்டில் வண்டியைவிட லைனுக்குத்தான் பரீட்சை. சொல்லிலும் அது தெரிந்தால் நல்லது.

> ‘முன்னோட்ட உற்பத்தி’ என்று சொல்லிவிடலாமே?

சினிமாக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். படிக்கிறவருக்கு டிரெய்லர்தான் நினைவுக்கு வரும். ‘சோதனை உற்பத்தி’யும் எனக்கு ஒட்டவில்லை, இந்தத் தொழிலில் எல்லாமே சோதனைதான்.

என் பரிந்துரை ‘வெள்ளோட்ட உற்பத்தி’. புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விடுகிறோம். தேர் முழுதாக முடிந்திருக்கும், சாமி மட்டும் ஏறியிருக்காது. அன்றைக்குத் தேரோடு சேர்த்து வீதித் திருப்பம், வடம் பிடிப்பவர்கள், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரின் கை எல்லாமே பார்க்கப்படும். பைலட் லாட்டிலும் அச்சு, பாகத்தை அசையாமல் பிடித்து நிறுத்தும் ஜிக், போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் பிடிக்கிற ஆள், உதிரி பாகம் அனுப்பும் சப்ளையர் எல்லாரும் ஒன்றாகச் சோதிக்கப்படுகிறார்கள்.

ஒரு தடை உண்டு. மெட்ரோ ரயிலை ஓட்டிப் பார்த்தாலும் செய்தித்தாளில் வெள்ளோட்டம் என்றே போடுகிறார்கள். அதனால் தனியாக ‘வெள்ளோட்டம்’ என்று விட்டால் சாலையில் ஓட்டிப் பார்ப்பதாகிவிடும். ‘உற்பத்தி’யோ ‘தொகுதி’யோ கூடவே வந்தாக வேண்டும். நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “வெள்ளோட்டத் தொகுதியில் பேட்டரி மூடி சரியாகப் பொருந்தவில்லை, மோல்டைத் திருத்தச் சொல்லியிருக்கிறோம்.” எனக்கு இடறவில்லை.

‘முதல் ஈடு’ (இட்லி ஈடு போல) என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் கடன், காப்பீட்டு ஆவணங்களில் ஈடு வேறு பொருளில் ஊறிவிட்டது. ஒரு தொழிற்சாலைக் கோப்பில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் குழப்பம்.

அப்புறம் மற்ற மூன்றுக்கும்: பட்டறை வண்டிக்குச் ‘சோதனை வண்டி’, மேடை வண்டிக்கு ‘முன்மாதிரி’, 126ஆம் விதி வண்டிக்கு ‘ஒப்புதல் வண்டி’. 126ஏ விதி, ஒப்புதல் பெற்ற வண்டியைப் போலவே லைனிலிருந்து வருபவையும் இருக்கின்றனவா என்று பார்ப்பது. அதற்கு ‘உற்பத்தி ஒப்புமை’ என்று வைத்திருக்கிறேன், அரைமனதோடு. நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். ஜிக்கை ஜிக் என்றே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஓசூர்ப் பக்கம் லைனில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், ‘வெள்ளோட்டத் தொகுதி’யை உங்கள் ஆட்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்