1804 தேதியுள்ள மெஸ்ஸோடின்ட் உருவப்படம்: தகடு திருத்தப்பட்டதா?

வணக்கம். பழைய அச்சுப்படங்களைக் கையாள்பவர்களின் கருத்து தேவை. லண்டனில் வெளியான ஒரு கடற்படை அதிகாரியின் உருவப்படம், செப்புத்தகட்டு மெஸ்ஸோடின்ட் (தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் வழவழப்பாக்கும் அச்சுமுறை).

வெளியீட்டு வரியில் 1804 என்று இருக்கிறது. அச்சுப்படங்களுக்கான 1735ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்புக்காகப் பொறித்த தேதி அது. தகட்டின் வயதைச் சொல்லுமே தவிர தாளின் வயதைச் சொல்லாது. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஜே வாட்மேன் 1817 என்ற நீர்க்குறி (தாள் தயாரிப்பாளரின் பெயரும் ஆண்டும்) தெரிகிறது. ஆக, குறைந்தது 13 ஆண்டுகள் கழித்து எடுத்த பிரதி.

10 மடங்கு லென்ஸில் பார்த்தால் அதிகாரியின் மேலங்கியின் கருமை சாம்பலாக வெளுத்திருக்கிறது. இது எதிர்பார்த்ததுதான். ராக்கரை (பல்வரிசை கொண்ட வளைந்த கருவி) ஆட்டி எழுப்பிய செப்புப் பிசிறுதான் மையைப் பிடித்து வைக்கும். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அழுத்தும்போதும் அது தேயும். நூறு, இருநூறு பிரதிகளுக்கு மேல் வெல்வெட் கருமை நிற்காது. ஆனால் காலருக்குக் கீழே மட்டும் அடர்கருப்பு. அங்கே புள்ளிகள் சம இடைவெளியில் இணைவரிசையாக ஓடுகின்றன. ரூலெட் என்ற சிறு பல் சக்கரத்தைத் தகட்டில் ஓட்டியதுபோல் இருக்கிறது. முகத்திலும் ஸ்டிப்பிள் (கருவிமுனையால் இட்ட நுண்ணிய) புள்ளிகள் உண்டு.

முகத்தில் ஸ்டிப்பிள் சேர்ப்பது அன்று வழக்கம்தான் என்பதால், அது முதல் வேலையா, பின்னால் செய்த திருத்தமா என்று ஒரே பிரதியை வைத்து எப்படிப் பிரிப்பது?

இன்னொன்று, அவசரமானது. பின்பக்கம் முழுக்க விலங்குப் பசையால் அட்டையில் ஒட்டியிருக்கிறது. தண்ணீரில் மூழ்கவைக்க மனமில்லை: நீர்க்கறை படியலாம், பிறகு அழுத்தி உலர்த்தினால் தகட்டு விளிம்பின் பள்ளம் தட்டையாகிவிடும். அட்டையை அடுக்கடுக்காக உரித்து, கடைசி அடுக்குக்கு மட்டும் மெத்தில் செல்லுலோஸ் கூழ் (ஈரத்தை மெதுவாக விட்டுப் பசையை இளக்குவது) தடவலாமா? செய்தவர்கள் கூழின் அடர்த்தி, வைத்த நேரம் இரண்டையும் சொல்லுங்கள்.