எம்பி3 இறங்க வேண்டும், பிடிஎஃப் திறக்க வேண்டும், நடப்பது தலைகீழ்

கணக்கு டீச்சர்:
வணக்கம். பார்வையற்ற மாணவர்கள் நாலு பேருக்காகப் பத்தாம் வகுப்புக் கணக்கை நானே வாசித்துப் பதிவு செய்து, ஒரு சின்ன வாடகை சர்வரில் போட்டிருக்கிறேன். இயங்குதளம் உபுண்டு, கோப்புகளை அனுப்பும் வெப் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ். விடுதியில் நெட் கிடைக்காது, அதனால் எம்பி3 போனில் இறங்கியே ஆக வேண்டும். வினாத்தாள் பிடிஎஃப் பிரவுசரில் திறந்தால் போதும். இப்போது எம்பி3-ஐத் தொட்டால் கறுப்புத் திரையில் ஓடுகிறது, பிடிஎஃப் இறங்குகிறது. என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பில், பாடங்கள் இருக்கும் முகவரிக்கான பகுதியான லொகேஷனுக்குள், கோப்பு வகைகளைச் சொல்லும் 'டைப்ஸ்' என்று அடைப்புப் போட்டு, ஆடியோ/எம்பெக் என்று எம்பி3க்கு ஒரு வரி சேர்த்தேன். அப்புறம்தான் பிடிஎஃப் இப்படி ஆனது. நேற்று ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து பார்த்தும் பிடிபடவில்லை.

சர்வர்_செல்வம்:
அந்த அடைப்புதான் காரணம் டீச்சர். டைப்ஸ் எழுதினால் மேலே இருக்கும் பட்டியலோடு சேராது, அந்த லொகேஷனுக்கு முழுப் பட்டியலையும் தூக்கிவிடும். உங்கள் பட்டியலில் எம்பி3 மட்டும்தான் மிச்சம். பிடிஎஃப் எதிலும் இல்லாததால் டிஃபால்ட் டைப்பான ஆக்டெட்-ஸ்ட்ரீம், அதாவது வகை தெரியாத வெறும் தரவு என்று போகிறது. அதைக் கண்டால் பிரவுசர் திறக்காது, சேமித்துவிடும். அடைப்பை எடுத்துவிடுங்கள். எம்பி3க்கு மட்டும் தனி லொகேஷன் வைத்து, கோப்போடு போகும் குறிப்பு வரியை (ஹெடர்) சேர்க்கும் ஆட்_ஹெடரில் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் அட்டாச்மென்ட் என்று கொடுங்கள். டைப் என்பது கோப்பு என்ன வகை என்று சொல்வது. இறக்கச் சொல்வது இந்த ஹெடர்.

நள்ளிரவு நிரலர்:
ஒன்று கவனியுங்கள். ஒரு லொகேஷனில் ஆட்_ஹெடர் எழுதினால் சர்வர் மட்டத்தில் எழுதிய ஆட்_ஹெடர்கள் அங்கே வராது. பிரவுசர் கோப்பு வகையைத் தானாக ஊகிக்காமல் தடுக்கும் நோஸ்னிஃப் மாதிரி ஏதாவது வைத்திருந்தால் அங்கேயும் எழுத வேண்டும். மாற்றியதும் அமைப்பைச் சோதிக்கும் என்ஜின்எக்ஸ் -டி (nginx -t) கட்டளை கொடுத்துப் பிழை இல்லையென்று பார்த்து ரீலோட் செய்யுங்கள். பிரவுசரை நம்பாதீர்கள், முன்பு சேமித்து வைத்த பழைய பதிலை (கேஷ்) காட்டும். டெர்மினலில் curl -I (கர்ல், பெரிய எழுத்து ஐ) என்று முகவரியோடு போட்டால் சர்வர் அனுப்பும் ஹெடர் அப்படியே தெரியும்.

கணக்கு டீச்சர்:
சரியாகிவிட்டது! கர்ல் போட்டதும் அட்டாச்மென்ட் என்ற வரி வந்தது, பிடிஎஃப்-க்கு அப்ளிகேஷன்/பிடிஎஃப் வந்தது. முக்கோணவியல் முதல் பாடம் பையன் போனில் இறங்கிவிட்டது. லேப்டாப்பில் பிடிஎஃப் திறக்கிறது. ஆனால் ஒரு மாணவியின் பழைய ஆண்ட்ராய்டு போனில் இன்னும் இறங்கத்தான் செய்கிறது.

சர்வர்_செல்வம்:
அது சர்வர் கோளாறு இல்லை டீச்சர். ஆண்ட்ராய்டு குரோமின் பழைய பதிப்புகளில் பிடிஎஃப் காட்டும் வசதியே கிடையாது, இறக்கி வேறு செயலியில்தான் திறக்கும். அங்கேயும் பக்கத்திலேயே தெரிய வேண்டுமென்றால் பிடிஎஃப்-ஐ வலைப்பக்கத்திலேயே காட்டும் மொசில்லாவின் பிடிஎஃப்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் போட்டுப் பாருங்கள்.