புதுப்பிப்பு: அப்பாவின் குறட்டை

மூணு பிரஷர் மாத்திரை போட்டும் அப்பாவுக்கு இறங்கலை, குறட்டைக்கு நடுவில் மூச்சே நின்னுபோகுதுன்னு போன மாசம் புலம்பியிருந்தேன். தஞ்சாவூரில் தூக்கப் பரிசோதனை எடுத்தாச்சு. மணிக்கு 41 தடவை மூச்சு தடைபடுது. இது ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடற நோய்; 30 தொட்டாலே கடுமையாம்.

தொண்டை தளர்ந்து மூச்சுவழி அடைபடும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் குறையுது. உடம்பு பதறி அட்ரினலினைக் கொட்டுது, ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் எகிறுது. தூக்கத்தில் 10 சதவீதமாவது இறங்கவேண்டிய பிரஷர் இறங்கறதே இல்லை. வருஷக்கணக்கில் இப்படிப் போனா குழாயின் உள்சுவர் கெட்டு விறைச்சுக்கும். இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். "மதகை ராத்திரி பூரா அடைச்சு அடைச்சுத் திறந்தா வாய்க்கால் கரை தாங்குமா?"ன்னார் அப்பா. டாக்டரே சிரிச்சுட்டார்.

மாஸ்க் வழியா காத்தை அழுத்தி மூச்சுவழியைத் திறந்தே வைக்கற சிபாப் மெஷின் வந்தாச்சு. முதல் வாரம் மாஸ்க்கைக் கழற்றி எறிஞ்சார். இப்போ நாலு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறார். காலை பிரஷர் 160லிருந்து 146.

மாத்திரையை நிறுத்தலாமான்னு கேட்டவங்களுக்கு: நாங்க நிறுத்தலை. காரணம், 2016இல் வந்த சேவ் (SAVE) என்ற சிபாப் ஆய்வில், ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்தவங்களுக்கு சிபாப் அடுத்த பாதிப்பைக் குறைச்சதாத் தெரியலை. ஆனா அவங்க மாஸ்க் மாட்டியிருந்ததே ராத்திரிக்கு சராசரி 3.3 மணி நேரம்தான்.

எடையும் குறைக்கணும். திருவையாறு பக்கம் போனா அசோகா அல்வா வாங்காம வரமாட்டார், அதுதான் இப்போ வீட்டில் சண்டை.