மெட்டானிமியா, சினெக்டகியா? ஆங்கில அணிப்பெயர்களில் தீராத குழப்பங்கள்

கேள்வி – கரும்பலகை

எம்.ஏ. ஆங்கில மாணவர்களுக்கு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வையும் மனத்தில் வைத்து அணிகள் பற்றிய குறிப்பு ஒன்று தயாராகிறது. சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), பெர்சானிஃபிகேஷன் (ஆள் அல்லாததை ஆளாகப் பேசுவது) எல்லாம் பள்ளியிலேயே முடிந்துவிட்டன. சிக்கல் இரட்டையர்களில்தான். மெட்டானிமி – சினெக்டகி, கையாஸ்மஸ் – ஆன்ட்டிமெட்டாபலி, ஜூக்மா – சிலெப்சிஸ். ஒரே உதாரணத்தை ஒரு நூல் ஒரு பெயரிலும் இன்னொரு நூல் வேறு பெயரிலும் தருகிறது. ‘மெட்டானிமி என்றால் ஆகுபெயர், அலிட்டரேஷன் என்றால் மோனை’ என்று தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுக்கலாமா? எங்கே உதவும், எங்கே காலை வாரும்?

பதில் – நிகண்டு

ஆகுபெயரிலிருந்து தொடங்குவது நல்ல வழிதான். ஆனால் ‘ஆகுபெயர் = மெட்டானிமி’ என்று சமன்குறி போட்டுவிடாதீர்கள். நன்னூல் மரபில் ஆகுபெயர் 16 வகை. அவை ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு அணிகளுக்குள் போய் விழுகின்றன.

‘தலைக்கு இரண்டு பழம்’, ‘வெற்றிலை நட்டான்’ இரண்டும் சினையாகுபெயர். உறுப்பு முழுமைக்கு ஆகிறது, ஆங்கிலத்தில் சினெக்டகி. ‘மல்லிகை சூடினாள்’ என்பதில் கொடியின் பெயர் பூவுக்கு ஆகிறது. முழுமை உறுப்புக்கு ஆனாலும் சினெக்டகிதான், பலர் இந்தத் திசையை மறந்துவிடுகிறார்கள். ‘ஊர் சிரித்தது’ என்ற இடவாகுபெயரும், ‘திருவள்ளுவரைப் படித்தேன்’ என்ற கருத்தாவாகுபெயரும் மெட்டானிமி, அதாவது தொடர்புடைய ஒன்றின் பெயர் மற்றதற்கு நிற்பது. ‘பாவை வந்தாள்’ என்ற உவமையாகுபெயரோ மெட்டஃபர். பாவைக்கும் பெண்ணுக்கும் இடையே இருப்பது ஒப்புமை, தொடர்பு அல்ல. தமிழ் இலக்கணம் பெயர் மாறி நிற்பதைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் வைக்கிறது, ஆங்கிலம் ஏன் மாறியது என்பதைப் பார்த்துத் தனித்தனி அணிகளாகப் பிரிக்கிறது. மாணவர் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஆகவே சோதனைக் கேள்விகளையும் அந்த வரிசையில் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஒப்புமையா? ஆம் என்றால் மெட்டஃபர். இல்லையென்றால், ஒன்று மற்றதன் உறுப்பா? ஆம் என்றால் சினெக்டகி. அதுவும் இல்லை, பக்கத்தில் இருக்கிறது, அணியப்படுகிறது, உள்ளே இருக்கிறது, அதனால் செய்யப்படுகிறது என்ற உறவு மட்டும்தானா? அப்போது மெட்டானிமி. ‘த க்ரவுன்’ அரசரைக் குறித்தால் மெட்டானிமி, ஏனெனில் மகுடம் அரசர் உடம்பின் உறுப்பு அல்ல. ‘ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்’ என்பதில் கைகள் மாலுமிகளின் உறுப்பு. அது சினெக்டகி.

தமிழில் ‘பாலை இறக்கு’ என்கிறோம், இறக்குவது பாத்திரத்தை. ஆங்கிலத்தில் ‘த கெட்டில் இஸ் பாய்லிங்’, கொதிப்பது தண்ணீர். ஒன்றில் உள்ளிருப்பது கலத்துக்கு ஆகிறது, மற்றதில் கலம் உள்ளிருப்பதற்கு ஆகிறது. இரண்டும் மெட்டானிமியே. வகுப்பில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிப் பாருங்கள்.

பதில் – அடிக்கோடு

நிகண்டு சொன்னதோடு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். ‘உறுப்பா?’ என்ற கேள்வி மட்டும் போதாது, எதற்குப் பதிலாக நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரில், மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில், ஆன்டனி கூட்டத்தைப் பார்த்து ‘லெண்ட் மீ யுவர் இயர்ஸ்’ என்கிறான். காது உடம்பின் உறுப்புதான். ஆனால் அங்கே காது ஆளுக்குப் பதிலாக நிற்கவில்லை, கேட்கும் கவனத்துக்குப் பதிலாக நிற்கிறது. கருவி செயலுக்கு ஆகிறது, ஆகவே மெட்டானிமி. இதைச் சினெக்டகி என்று போடும் குறிப்புகள் ஏராளம்.

நூல்கள் முரண்படுவதற்கும் காரணம் உண்டு. சினெக்டகியைத் தனி அணியாக வைப்பது பழைய மரபு. அதை மெட்டானிமியின் ஒரு வகையாகச் சேர்ப்பவர்களும் உண்டு, உருவகம் பற்றி எழுதிய ஆய்வாளர்கள் லேக்காஃபும் ஜான்சனும் 1980-இல் அப்படித்தான் வைத்தார்கள். நெட் இரண்டாம் தாளின் 100 கேள்விகளும் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்வதுதான். இரண்டு பெயரும் விருப்பங்களில் இருந்தால் உறுப்பு–முழுமை உறவுக்குச் சினெக்டகி, மெட்டானிமி மட்டும் இருந்தால் அதுவே விடை.

கையாஸ்மஸ் என்ற பெயர் எக்ஸ் போலத் தோன்றும் கிரேக்க எழுத்தான கை என்பதிலிருந்து வந்தது. அமைப்பு குறுக்காகத் திரும்ப வேண்டும், அவ்வளவே. ‘க்விக்லி ஹீ ஸ்போக், ஹீ லிசன்ட் ஸ்லோலி’: வினையடை, வினை, பிறகு வினை, வினையடை. அதே சொற்களே திரும்பி வந்தால் ஆன்ட்டிமெட்டாபலி. கென்னடியின் 1961 ஜனவரி 20 பதவியேற்பு உரையில் நாடு–நீங்கள், நீங்கள்–நாடு என்று புரளும் வாக்கியம் அதற்குப் புகழ்பெற்ற உதாரணம். தமிழில் ‘உண்பதற்காக வாழாதே, வாழ்வதற்காக உண்’ என்றால் மாணவருக்கு உடனே விளங்கும்.

ஜூக்மாவில் அதிகம் மினக்கெட வேண்டாம். ஒரு வினை இரண்டு பெயர்களைத் தாங்கினால் ஜூக்மா. அந்த வினை ஒவ்வொரு பெயரோடும் வேறு பொருள் தந்தால் சிலெப்சிஸ். ‘ஹீ லாஸ்ட் ஹிஸ் கோட் அண்ட் ஹிஸ் டெம்பர்’: கோட்டைத் தொலைத்தான், பொறுமையை இழந்தான். இதைப் பல நூல்கள் ஜூக்மா என்றே குறிக்கின்றன, அதுவும் பிழையில்லை.

பதில் – யாப்புக்கட்டை

மோனை பற்றிக் கேட்டீர்கள். காலை வாருவது அங்கேதான். மோனைக்கு இன எழுத்து உண்டு: ச–த, ஞ–ந, ம–வ மோனையாகும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தைப் பார்த்தால் கண் ஏமாறும். அலிட்டரேஷனுக்கு எழுத்து கணக்கில்லை, ஒலிதான் கணக்கு. ‘சிட்டி’, ‘கார்’ இரண்டும் ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் இல்லை. ‘ஃபோன்’, ‘ஃபயர்’ வெவ்வேறு எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன். ‘நைட்’ என்ற வீரனும் ‘நைட்’ என்ற இரவும் அப்படியே, வீரனுக்கு முன்னால் நிற்கும் கே எழுத்து ஒலிப்பதில்லை.

எதுகையை ரைம் என்று மொழிபெயர்ப்பது இதைவிடப் பெரிய தவறு. எதுகை சீரின் இரண்டாம் எழுத்தில் அமைவது, அதற்கு ஆங்கில யாப்பில் நேர் இணை கிடையாது. அடியின் ஈற்றில் வரும் ரைமுக்கு நெருக்கமானது இயைபு.

ஒன்று முடிந்த சொல்லிலேயே அடுத்தது தொடங்குவதால் அந்தாதியையும் அனாடிப்ளோசிஸையும் ஒப்பிடலாம், ஆனால் அளவு வேறு. அந்தாதி பாடலையும் பாடலையும் கோக்கும், அனாடிப்ளோசிஸ் பெரும்பாலும் தொடரையும் தொடரையும்.

லைட்டொடீஸுக்கு மட்டும் தமிழ்ப் பேச்சே சிறந்த ஆசான். ‘அவன் லேசுப்பட்டவன் இல்லை’, ‘சாப்பாடு மோசமில்லை’: எதிர்ச்சொல்லை மறுத்துச் சொல்வது. மறுப்பு இல்லாமல் குறைத்துச் சொன்னால் அது லைட்டொடீஸ் அல்ல, மையோசிஸ்.

கரும்பலகை

மிகவும் பயனுள்ள பதில்கள். இன்னும் ஒன்று: பெயரைச் சரியாகச் சொல்லும் மாணவருக்கும் கட்டுரையில் மதிப்பெண் வருவதில்லை. ‘இங்கே அனாஃபொரா உள்ளது, இது வாசகரைக் கவர்கிறது’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். (அனாஃபொரா: அடுத்தடுத்த தொடர்கள் ஒரே சொற்களில் தொடங்குவது.)

பதில் – அடிக்கோடு

‘வாசகரைக் கவர்கிறது’ என்பதை எந்த அணிக்கும் எழுதலாம், அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. பிரிட்டனில் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை ‘ஃபீச்சர் ஸ்பாட்டிங்’, அதாவது அணியை அடையாளம் காட்டுவதோடு நின்றுவிடுவது, என்று கண்டிப்பார்கள்.

மாற்றிப்போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டவுனிங் ஸ்ட்ரீட் என்பது பிரிட்டன் பிரதமரின் அலுவலகம் இருக்கும் தெரு. ‘டவுனிங் ஸ்ட்ரீட் பதில் சொல்ல மறுத்தது’ என்ற செய்தி வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அணியை நீக்கி ‘பிரதமரின் செய்தித் தொடர்பாளர் பதில் சொல்ல மறுத்தார்’ என்று எழுதிப் பார்க்கட்டும். எது போயிற்று, எது வந்தது? முதல் வாக்கியத்தில் ஆள் இல்லை, முகவரிதான் இருக்கிறது. மறுத்தவர் யார் என்ற கேள்வியே எழாமல் பொறுப்பு ஒரு கட்டடத்தின் மேல் போய்விடுகிறது. இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் கட்டுரை. மெட்டானிமி என்ற சொல் அவற்றின் நடுவில் ஒரு முறை வந்தால் போதும். மேற்கோளும் ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

அனாஃபொராவிலும் அப்படியே. சர்ச்சிலின் 1940 ஜூன் 4 உரையில் ‘வீ ஷல் ஃபைட்’ திரும்பத் திரும்ப வருகிறது என்பதோடு நிற்காமல், திரும்பாதது எது என்று பார்க்க வேண்டும். கடற்கரை, தரையிறங்கும் இடம், வயல், தெரு, மலை என்று இடம் மட்டும் மாறுகிறது. போர் உள்நாட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது, உறுதி மாறவில்லை. லிங்கனின் 1863 கெட்டிஸ்பர்க் உரை முடியும் இடத்தில் ‘த பீப்பிள்’ மூன்று முறை ஈற்றில் வருகிறது. அது எபிஸ்ட்ரஃபி, அங்கே மாறுவது முன்னிடைச்சொல் மட்டும்.

பதில் – நிகண்டு

அனாஃபொரா என்ற சொல்லுக்கு மொழியியல் தாளில் வேறு பொருள் உண்டு என்பதையும் குறிப்பில் சேருங்கள். ‘மாலா வந்தாள். அவள் பேசினாள்’ என்பதில் ‘அவள்’ முன்னே வந்த பெயரைச் சுட்டுகிறது, அதுவும் அனாஃபொராதான். பின்னே வரப்போவதைச் சுட்டினால் கேட்டஃபொரா. கேள்வியில் சுட்டுப்பெயரும் வாக்கியங்களின் இணைப்பும் பேசப்பட்டால் இந்தப் பொருள், உரையும் நடையும் பேசப்பட்டால் அணி.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் உச்சரிப்பையும் பார்த்துக்கொள்ளட்டும். உயர்வு நவிற்சியான ஹைபர்பலி நான்கு அசை, ‘ஹைப்பர்போல்’ அல்ல. சினெக்டகியும் நான்கு, ‘சினெக்டோச்’ அல்ல. எபிஸ்ட்ரஃபியும் ஈற்றில் இகர ஒலியோடுதான் முடியும்.