ஜிம்ப்பில் தேசியக் கொடி: சக்கரத்தின் ஆரக்கால்கள் சரியாக வரவில்லை

கேள்வி:
பையனுடைய பள்ளி ஆகஸ்ட் 15 விழாவுக்கு ஜிம்ப் (GIMP) என்ற படம் திருத்தும் மென்பொருளில் கொடி வரைகிறேன். மூன்று பட்டைகளும் வந்துவிட்டன. சக்கரம்தான் படுத்துகிறது. ஆரக்கால் உள்ள லேயரை (படத்தின் தனி அடுக்கை) நகல் எடுத்து 15 டிகிரி திருப்பி, அதையே மறுபடி நகல் எடுத்துத் திருப்பினால், போகப் போகக் கோடு மங்குகிறது. இணையத்திலிருந்து சக்கரத்தை எடுத்து ஒட்ட மனமில்லை. வழி உண்டா?

பதில் 1:
திருப்பியதையே திருப்பினால் ஒவ்வொரு முறையும் பிக்சல்கள் (படத்தின் நிறப்புள்ளிகள்) மறுபடி கணக்கிடப்படும், மங்கத்தான் செய்யும். எப்போதும் முதல் லேயரையே நகலெடுத்து 15, 30, 45 என்று திருப்புங்கள். மையத்தைத் தாண்டி விளிம்புக்கு விளிம்பு ஒரே கோடாக வரைந்தால் 12 போதும், 24 ஆரக்கால் கிடைத்துவிடும்.

அளவு: கொடி விதிகளில் 1800 × 1200 மில்லிமீட்டர் கொடிக்குச் சக்கரத்தின் விட்டம் 370. அதை அப்படியே பிக்சலாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டை ஒவ்வொன்றும் 400, மையம் 900, 600. வெள்ளையில் மேலும் கீழும் 15 பிக்சல் மிஞ்சும். பலரும் சக்கரத்தைப் பட்டையில் முட்டவிடுகிறார்கள், பார்க்கவே சகிக்காது.

பதில் 2:
பேனராக அச்சடிப்பதென்றால் இங்க்ஸ்கேப் (Inkscape) என்ற வரைகலை மென்பொருளுக்கு மாறிவிடுங்கள். அதில் படம் வெக்டார், அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடுகளின் கணக்காகச் சேமிக்கப்படும் என்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. அப்புறம், ஆரக்கால்களுக்கு நடுவே விளிம்பை ஒட்டிச் சின்ன அரைவட்டங்களும் 24 உண்டு.

கேட்டவர்:
அரைவட்டத்தை நான் கவனித்ததே இல்லை! சக்கரத்துக்கு 0, 0, 128 (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) நீலம் சரிதானே?

பதில் 1:
சரிதான். கருநீலத்துக்கு எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்.